ஆண்டறிக்கை 2024–2025: இணைய இணைப்பு கொடுத்த பிறகு செலவை யார் ஏற்பது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, சிங்கப்பூரில் இயங்கும் நம் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்மொழி விழாவையொட்டி மாணவர் பேச்சுப்போட்டி, தீபாவளிக்குப் பின் குடும்ப ஒன்றுகூடல், ஜனவரியில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பொங்கல் ஆகியவை நன்றாக நடந்தன. செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு நம் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது ஒரு கடிதம். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு கிராமத்து ஊர்க்குழு, நம் உறுப்பினர் ஒருவர் வழியாக அதை அனுப்பியிருந்தது. அரசுப் பணத்தில் அந்த ஊருக்கு இணைய வசதி செய்து கொடுத்திருக்கிறார்கள். நூலகம், பள்ளி, பேருந்து நிறுத்தம் எல்லா இடத்திலும் வைஃபை. திட்டக்காலம் முடிந்ததும் மாதக் கட்டணம் கட்ட ஆளில்லை. மின்வெட்டு நேரத்துக்கான பேட்டரி கெட்டுப்போனது, மாற்றப் பணமில்லை. கருவிகள் இன்றும் சுவரில் இருக்கின்றன, இணையம்தான் இல்லை. மீண்டும் ஓடவைக்கச் சங்கம் உதவ முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

உடனே பணம் அனுப்பலாம் என்றுதான் செயற்குழுவில் பலருக்கும் தோன்றியது. ஆனால் அனுப்பினால் இரண்டு ஆண்டுகள் ஓடும், பிறகு இதே கடிதம் மறுபடி வரும் என்று கணக்காளராகப் பணிபுரியும் உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். பொதுப்பணத்தில் அமைக்கப்படும் இணையக் கட்டமைப்பு எப்படித் தன் வருமானத்திலேயே நீடிக்கும் என்பதை நாமே முதலில் படித்துப் புரிந்துகொள்வோம் என்று முடிவெடுத்து, சமூக மன்ற அறையில் தொடர் கலந்துரையாடல் நடத்தினோம். தொலைத்தொடர்புத் துறையில் கேபிள் இழுத்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர்களும், இன்று அதே துறையில் பொறியாளராக இருக்கும் இளையரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது, இந்தச் சங்கம் எதற்காக இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது.

சிங்கப்பூரிலிருந்தே தொடங்கினோம். நாடு தழுவிய அகண்ட அலைவரிசை (பிராட்பேண்ட்) இணையக் கட்டமைப்புக்காக அரசாங்கம் ஓப்பன்நெட் நிறுவனத்துக்கு 2008இல் 750 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையிலும், நியூக்ளியஸ் கனெக்ட் நிறுவனத்துக்கு 2009இல் 250 மில்லியன் வெள்ளி வரையிலும் மானியம் அறிவித்தது. வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடியிழையை (ஃபைபர்) போட்டுப் பராமரிப்பவர் ஒருவர், அதில் ஒளி பாய்ச்சும் கருவிகளை இயக்குபவர் இன்னொருவர், வீட்டுக்கு வந்து சந்தா விற்பவர்கள் வேறு சிலர். இழைக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சந்தா விற்க முடியாது. அதனால் விற்பனை நிறுவனங்கள் தங்களுக்குள் எவ்வளவு போட்டி போட்டாலும், வீடுகளுக்குப் போகும் இழை ஒரே நிறுவனத்துடையதுதான், அதற்கான மாதக் கட்டணமும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது. அது முதலில் 15 வெள்ளியாக இருந்தது. 2018இல் 13.80 ஆகி, 2024 ஏப்ரலில் 13.50 வெள்ளியாகக் குறைந்தது.

இந்த 13.50 வெள்ளியைப் பற்றி மட்டுமே ஒரு மாலை முழுக்கப் பேசினோம், அது வீண் போகவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதைக் கணக்கிடும்போது பராமரிப்புச் செலவு, முதலீட்டுக்கு நியாயமான வருவாய், ஆண்டுதோறும் தேய்ந்துபோகும் சொத்தின் மதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, எதிர்பார்க்கும் இணைப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறது. அதாவது பழையதை மாற்றுவதற்கான பணமும் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. ஓப்பன்நெட்டைப் பின்னர் ஏற்றுக்கொண்ட நெட்லிங்க் நிறுவனம் 2017இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டபோது 2.3 பில்லியன் வெள்ளி திரட்டியது. மாதாமாதம் தவறாமல் வரும் சிறு தொகையை நம்பித்தான் முதலீட்டாளர்கள் அவ்வளவு பணம் போட்டார்கள். வேகத்தை வினாடிக்கு 10 கிகாபிட் ஆக உயர்த்த 2024இல் அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது. பெரிய தாவலுக்கு அரசு கைகொடுக்கிறது, அன்றாடச் செலவைக் கட்டணம் பார்த்துக்கொள்கிறது.

ஆனாலும் இதை அப்படியே ஒரு கிராமத்துக்குப் பெயர்த்து வைக்க முடியாது. இங்கே நிலத்தடிக் குழாய்கள் ஏற்கெனவே இருந்தன. பெரும்பாலோர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் வசிப்பதால் ஒரே புளோக்கில் ஏராளமான வீடுகளுக்கு இழையைக் கொண்டுபோய்விடலாம். வயலுக்கு நடுவே பரந்து கிடக்கும் ஊரில் ஒரு வீட்டுக்கான செலவே வேறு. மூத்த உறுப்பினர்கள் இதை அழுத்தமாகச் சொன்னார்கள், அவர்கள் சொன்னது சரி.

சறுக்கிய ஊர்களையும் பார்த்தோம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் புரோவோ நகரம் சுமார் 39 மில்லியன் டாலர் கடன் பத்திரம் வெளியிட்டு நகரெங்கும் கண்ணாடியிழை போட்டது. எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2013இல் அந்தக் கட்டமைப்பு கூகுளுக்கு ஒரு டாலருக்குக் கைமாறியது. கடன் மட்டும் நகரத்திடமே தங்கியது. சந்தா எடுக்காத வீடுகளும் மாதம் 5.35 டாலர் கட்டிவந்தன. டென்னசியின் சட்டனூகாவில் நடந்தது வேறு. அங்கே நகராட்சியின் மின் வாரியமே இழையைப் போட்டது. 2009இல் அமெரிக்க மத்திய அரசின் 111.5 மில்லியன் டாலர் மானியமும் கிடைத்தது. அதே இழையை மின்தடையைக் கண்டறிந்து சரிசெய்யவும் பயன்படுத்தியதால், இணையச் சந்தா ஒன்றையே நம்பி இருக்க வேண்டிய நிலை அதற்கு இல்லை.

என் கருத்தில் நம் கிராமத்துக்குத் தேவையான பாடம் சட்டனூகாவில்தான் இருக்கிறது. அந்த ஊரில் பள்ளி இருக்கிறது, ஊராட்சி அலுவலகம் இருக்கிறது, இ-சேவை மையமும் கூட்டுறவுக் கடன் சங்கமும் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இணையத்துக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஒரே கட்டமைப்பில் சேர்ந்து மாதக் கட்டணம் கட்டினால் அடிப்படைச் செலவு ஈடாகிவிடும். உள்ளூர் கேபிள் டிவிக்காரரிடம் ஏணியும் ஆளும் இருக்கின்றன. வருமானத்தில் பங்கு கொடுத்துப் பராமரிப்பை அவரிடம் விடலாம். இந்திய அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2011இல் ஒப்புதல் பெற்ற ஊராட்சி இணையத் திட்டம்தான் இன்றைய பாரத்நெட். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு அதைத் திருத்தி அமைத்தபோது, பத்தாண்டு இயக்கத்தையும் பராமரிப்பையும் திட்டத்துக்குள்ளேயே சேர்த்தார்கள்.

கட்டணம் வைத்தால் ஏழைகள் ஒதுங்கிவிடுவார்கள் என்று செயற்குழுவில் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலை எனக்கும் உண்டு. நம் தொண்டூழியர்கள் இந்த ஆண்டு சிங்கப்பூரில் உள்ள வாடகை வீடுகளுக்குச் சென்று, குறைந்த வருமானக் குடும்பங்கள் 2023இல் தொடங்கிய அரசாங்கச் சலுகைத் திட்டத்தின்கீழ் அகண்ட அலைவரிசையும் மடிக்கணினியும் பெற விண்ணப்பிக்க உதவினார்கள். அங்கே கண்ட முறை எனக்குப் பதிலாக அமைந்தது. கட்ட முடியாத குடும்பத்தின் பங்கைப் பொதுப்பணம் கட்டட்டும். கட்டமைப்புக்கு வரவேண்டிய பணம் மட்டும் வந்தாக வேண்டும். எல்லாருக்கும் இலவசம் என்று தொடங்கினால், நிதி நிற்கும் நாளில் முதலில் இணைப்பை இழப்பதும் அதே ஏழை வீடுதான்.

ஊர்க்குழுவோடு காணொளி வழியாகப் பேசி, யார் எவ்வளவு கட்டுவார்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். பள்ளியும் கூட்டுறவுச் சங்கமும் ஆர்வம் காட்டியுள்ளன. ஊராட்சியின் பதில் இன்னும் வரவில்லை.

இதன் அடிப்படையில் செயற்குழு ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறது. ஊர் இணையத் திட்டங்களுக்குச் சங்கம் தரும் தொகையில் பாதிக்கு மேல் கருவிகளுக்குப் போகக் கூடாது. மீதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கி, உள்ளூர் வருமானக் கணக்கைப் பார்த்த பிறகு ஆண்டுதோறும் பிரித்து அனுப்ப வேண்டும். பேட்டரி மாற்ற ஊரே மாதந்தோறும் ஒரு தொகையைத் தனிக்கணக்கில் போட வேண்டும். பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்ப அறநிறுவன ஆணையரின் அனுமதி தேவை என்பதால், இப்போதைக்கு உறுப்பினர்களின் சொந்தப் பங்களிப்பை மட்டும் ஏற்போம்.

கலந்துரையாடல்களுக்கு அறை தந்த சமூக மன்றத்துக்கும், வார இறுதிகளை விட்டுக்கொடுத்த தொண்டூழியர்களுக்கும் செயற்குழு சார்பில் நன்றி. அறிக்கையை ஏற்கவும், தீர்மானத்தை முன்மொழிந்து வழிமொழியவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்