நான் சொன்னது ஒன்று, ஜாப் கார்டில் எழுதியது ஒன்று

ஆசிரியருக்கு வணக்கம்.

கார் வாரண்டி தகராறு என்று யாராவது புலம்பினால், கண்டிஷனைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிற ஆள்தான் நானும். இப்போது என் முறை வந்திருக்கிறது.

புதிதாக வாங்கிய கார், 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி, இதில் எது முதலில் வருகிறதோ அது. இரண்டாவது வருடத்திலேயே கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம், குறைய ஆரம்பித்தது. ரிசர்வ் டேங்கில் மேல் கோட்டில் இருந்தது இரண்டு மாதத்தில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும், ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்காது. சர்வீஸுக்கு விடும்போது சொன்னேன். “ஆவியாகும் சார், எல்லா வண்டியிலும் இருக்கிறதுதான்” என்று ஊற்றி நிரப்பிக் கொடுத்தார்கள். அடுத்த சர்வீஸிலும் சொன்னேன், ஊற்றினார்கள். மூன்றாவது தடவையும் அதே கதை.

அந்த ‘ஆவியாகும்’ எவ்வளவு பெரிய கதை என்று பிறகுதான் தெரிந்தது. கூலன்ட் ஓடுகிற பாதை மூடி வைத்த பாதை. ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தம் இருந்தாலே வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது. வருடக் கணக்கில் கொஞ்சம் இறங்கலாம், சரி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டியிருந்தால் அது எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் இன்ஜினுக்குள்ளேயே போய் எரிகிறது. சூடான இன்ஜின்மேல் கசிந்தால் அங்கேயே காய்ந்துவிடும், அதனால்தான் தரையில் ஈரம் இல்லை. கண்டுபிடிப்பது பெரிய வித்தையும் இல்லை: இன்ஜின் ஆறியபிறகு மூடியைக் கழற்றி, கைப்பம்ப்பால் அழுத்தம் ஏற்றி, கொஞ்ச நேரம் முள் இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். மூன்று சர்வீஸில் ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை.

வாரண்டி முடிந்து ஐந்து வாரம். ரோட்டில் டெம்பரேச்சர் விளக்கு எரிந்ததும் ஓரம்கட்டி அணைத்துவிட்டேன், கட்டி இழுத்துக்கொண்டுதான் போனோம். பிரித்துப் பார்த்துவிட்டு, கூலன்ட்டைச் சுற்றவிடுகிற வாட்டர் பம்ப்பின் சீல் போயிருக்கிறது, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது, வாரண்டி முடிந்துவிட்டதால் முழுச் செலவும் உங்களுடையது என்றார்கள். வாரண்டிக்குள்ளேயே மூன்று தடவை சொன்னேனே என்றேன். “ரெக்கார்டில் அப்படி எதுவும் இல்லையே சார்.”

வீட்டுக்கு வந்து, வண்டியை சர்வீஸுக்கு விடும்போது புகாரைப் பதிந்து தருகிற ஜாப் கார்டுகளைத் தேடி எடுத்தேன். உண்மைதான், இல்லை. புகார் என்கிற இடத்தில் மூன்றிலும் ‘பொதுச் சோதனை’ என்று மட்டும் இருக்கிறது. நாம் வாயால் சொல்வதை சர்வீஸ் அட்வைசர் தனக்குத் தோன்றியபடி டேப்லெட்டில் தட்டுகிறார், நாம் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதென்று விரலால் ஒரு கிறுக்கு கிறுக்கிவிட்டு ஓடுகிறோம். இதில் என் தப்பும் இருக்கிறது, மறுக்கவில்லை.

அப்புறம் இன்னொரு குற்றச்சாட்டு: சூடான பிறகும் ஓட்டியிருக்கிறீர்களாம். சரி, கோளாறு வந்த நேரத்தில் வெப்பம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்குமே, அதை அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். அது கம்பெனி டேட்டா, தரமுடியாதாம்.

அங்கே வேலை செய்கிற ஒருவர் தனியாகச் சொன்னதுதான் எனக்கு உறைத்தது. வாரண்டி வேலைக்கு இத்தனை மணி நேரம் என்று கம்பெனி கணக்கு வைத்திருக்கிறது, கோளாறைத் தேடுகிற நேரம் அதில் சரியாக வராது, கழற்றிய பாகத்தை சீட்டு கட்டி எடுத்து வைக்க வேண்டும், க்ளெய்ம் திரும்பிவந்தால் செலவு டீலர் தலையில். அதனால் ஊற்றி அனுப்புவது சுலபம். அவர்கள் கஷ்டம் புரிகிறது, ஆனால் அது அவர்களுக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள கணக்கு. அதற்கு நான் எதற்கு ஹெட் கேஸ்கெட் மாற்ற வேண்டும்?

கம்பெனிக்கே எழுதினேன். டீலர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்களாம். டீலர் ரிப்போர்ட்டில் புகாரே இல்லை. எவ்வளவு வசதி, பாருங்கள்.

ஆனால் ஒன்றை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஊற்றிய கூலன்ட்டுக்கு மூன்று தடவையும் காசு வாங்கியிருக்கிறார்கள். மூன்று பில்லிலும் தேதி, கிலோமீட்டர், கூலன்ட் எத்தனை லிட்டர் என்று அழகாக அச்சாகியிருக்கிறது, மூன்றும் வாரண்டி காலத்துக்குள். குறையாத கூலன்ட்டை எதற்கு ஊற்றினீர்கள் என்று கேட்டு, பில் நகல்களோடு இரண்டு பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறேன்.

பத்து நாள் ஆகிறது. ஹெட் கழற்றிய வண்டி அவர்கள் ஷெட்டிலேயே நிற்கிறது. இதுவரை வந்த பதில் ஒரே ஒரு மெசேஜ்: “எங்கள் சர்வீஸ் உங்களுக்குத் திருப்தியாக இருந்ததா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?”

இப்படிக்கு,
ஒரு வாசகர்