சேதுவுக்கு, அந்த 17 'எஸ்' பற்றி

மதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள சேது,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்ட வேண்டியதை நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். தங்கச்சியின் முழங்கால் தேவலையா? பேரனுக்கு என் ஆசி. குசலம் போதும்.

அச்சுக்குப் போகுமுன் பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய உங்கள் பள்ளிப் பொன்விழா மலரின் ஆங்கிலப் பகுதி 24 பக்கத்தையும் படித்து முடித்தேன். கமா போடுவதில் உன் கஞ்சத்தனம் அப்படியே இருக்கிறது. அதை மன்னிக்கலாம். 'ஸ்டாஃப்ஸ்' என்று எழுதி வைத்திருக்கிறாயே, அதை எப்படியடா மன்னிப்பது? எண்ணிப் பார்த்தேன், 17 இடம். நமக்குப் பாடம் எடுத்த பச்சை மை ஐயா பார்த்திருந்தால் பேப்பரையே மடித்து உன் சட்டைப் பையில் செருகியிருப்பார்.

தப்பு எங்கே பிறக்கிறது தெரியுமா? நம் வாயில்தான். தமிழில் பேசும்போது 'ஸ்டாஃப்' என்றால் ஒரு ஆள். "அவர் எங்க ஸ்டாஃப்", "ரெண்டு ஸ்டாஃப் லீவு" என்கிறோம். ஒரு ஆள் என்று ஆகிவிட்டால், பல பேருக்கு 'எஸ்' சேர்க்கத்தானே கை போகும்? இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு ஒரு ஆள் என்ற பொருளே கிடையாது. ஓர் இடத்தில் வேலை பார்க்கும் அத்தனை பேரும் சேர்ந்த கூட்டம்தான் ஸ்டாஃப். "நாலு கூட்டம் வந்தது" என்றால் நாலு பேர் வந்தார்கள் என்றா அர்த்தம்? 'போலீஸ்' கதையும் கிட்டத்தட்ட இதுதான். "ஒரு போலீஸ் வந்தார்" என்பது தமிழில் சரி. இங்கிலீஷில் அந்த ஒருவர் போலீஸ் ஆஃபிசர்.

ஒரு ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்' அல்லது 'ஸ்டாஃப் மெம்பர்'. முதலாவது பிரிட்டிஷ்காரர் வழக்கம், இரண்டாவதை அமெரிக்கர் அதிகம் எழுதுவார்கள், இரண்டும் சரி. பன்மை 'எஸ்' மெம்பருக்குத்தான் போகும். 6ஆம் பக்கத்தில் யாரோ பாதி வைத்தியம் பார்த்து 'மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்ஸ்' என்று ஆக்கியிருக்கிறார்கள். 'மெம்பர்ஸ் ஆஃப் ஸ்டாஃப்' என்று மாற்று. என்னைக் கேட்டால் இதையும் குறைத்துவிடுவேன். டீச்சர் என்றால் டீச்சர் என்றே எழுது, கிளார்க் என்றால் கிளார்க். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

எண்ணிக்கை வரும் இடத்தில் 'தி ஸ்கூல் ஹேஸ் எ ஸ்டாஃப் ஆஃப் 42' என்பது கச்சிதம். '42 ஸ்டாஃப்' என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளிலும் வரும், அதற்குச் சண்டை போட மாட்டேன். 'ஒன் ஸ்டாஃப்', 'ஈச் ஸ்டாஃப்', 'எவ்ரி ஸ்டாஃப்' மூன்றும் கூடவே கூடாது. 11ஆம் பக்கத்தில் 'எ நியூ ஸ்டாஃப் ஜாயின்ட் அஸ்' என்று கணக்கு டீச்சரை வரவேற்றிருக்கிறாய். அதைப் படிக்கிறவன், பழைய ஆட்களை மொத்தமாக அனுப்பிவிட்டு ஒரு புதுக் கூட்டத்தையே கொண்டுவந்ததாக நினைப்பான். இல்லாவிட்டால் புதுக் கைத்தடி வாங்கியதாக நினைப்பான்.

கைத்தடி என்றது கிண்டலுக்கு இல்லை. அந்தச் சொல்லின் மூலப் பொருளே கோல்தான். தளபதியைச் சுற்றி இருக்கும் அதிகாரிகளுக்கு 18ஆம் நூற்றாண்டில் ராணுவம் வழியாக அந்தப் பெயர் வந்தது. அதிகாரத்தின் அடையாளம் கோல், நம் செங்கோல் மாதிரி. ஜெர்மன் மொழியிலும் தடிக்கும் தளபதியின் அதிகாரிகளுக்கும் ஒரே சொல், 'ஷ்டாப்'. ராணுவத்திலிருந்துதான் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இறங்கியது. ஆக, 'ஒன் ஸ்டாஃப் ரிட்டயர்ட்' என்று எழுதினால் ஒரு கோல் ஓய்வு பெற்றுவிட்டது.

வினைச்சொல் விஷயத்தில் நீ தடுமாறியிருக்கிறாய். பிரிட்டிஷ் வழக்கத்தில் பெரும்பாலும் 'தி ஸ்டாஃப் ஆர்', அமெரிக்கருக்கு 'தி ஸ்டாஃப் இஸ்'. நம் பள்ளிக்கூடங்கள் பிரிட்டிஷ் வழியில் வந்தவை, 'ஆர்' என்றே வைத்துக்கொள். எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம் வரை அதையே பிடி. 'தி ஸ்டாஃப் இஸ் ப்ரௌட் ஆஃப் தேர் ஸ்கூல்' என்று ஒரே வாக்கியத்தில் ஒருமையும் பன்மையும் கலந்திருக்கிறாயே, அதுதான் கண்ணை உறுத்துகிறது.

'ஸ்டாஃப்ஸ்' என்றைக்குமே தப்பு என்று நினைத்துவிடாதே. ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கூட்டங்களைத் தனித்தனியாகச் சொன்னால் சரிதான்: 'தி ஸ்டாஃப்ஸ் ஆஃப் தி டூ ஸ்கூல்ஸ்'. 9ஆம் பக்கத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்ந்து நடத்திய விளையாட்டு விழாவைப் பற்றி எழுதியிருக்கிறாய் பார், அந்த 'எஸ்' நியாயமாக உட்காரக்கூடிய ஒரே இடம். அங்கே மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டாய்! வினையாக வந்தாலும் சரி: 'ஷி ஸ்டாஃப்ஸ் தி என்கொயரி கவுன்டர்'. பெரிய எழுத்தில் தொடங்கினால் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்துக்கு அதுதான் சுருக்கம்.

இப்போது வேலையைப் பார். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடும் என்று நம்பாதே. மேலே சொன்னபடி 'ஸ்டாஃப்ஸ்' இருக்கிற சொல்தான், எழுத்துப்பிழை இல்லை, அதனால் கோடு விழாது. தேடு பெட்டியில் அதைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்று. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடாதே, 9ஆம் பக்கத்தில் நீ சேர்க்கப்போகும் 'எஸ்'ஸும் போய்விடும். பிறகு 'எ ஸ்டாஃப்', 'ஒன் ஸ்டாஃப்', 'ஈச் ஸ்டாஃப்', 'எவ்ரி ஸ்டாஃப்', 'அனதர் ஸ்டாஃப்' என்று தனித்தனியாகத் தேடு. இவற்றில் 'எஸ்' இல்லாததால் முதல் தேடலில் தப்பித்துவிடும். 'எ ஸ்டாஃப் ஆஃப் 42' வந்தால் அதைத் தொடாதே. கடைசியாக 'ஏ'க்குப் பதில் 'யூ' விழுந்து 'ஸ்டஃப்', அதாவது சாமான், ஆகியிருக்கிறதா என்றும் பார். 14ஆம் பக்கத்துப் படத்தின் கீழே 'அவர் ஆஃபிஸ் ஸ்டஃப்' என்று இருக்கிறது. படத்தில் மேஜையும் பீரோவும் மட்டும் இருந்தால் சரி; உன் கிளார்க்குகள் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள்.

சில்லறைகள்: 'டீச்சிங் ஸ்டாஃப்ஸ் அண்ட் நான்-டீச்சிங் ஸ்டாஃப்ஸ்' வேண்டாம், 'டீச்சிங் அண்ட் நான்-டீச்சிங் ஸ்டாஃப்' போதும். செவிலியரைச் சொல்லும்போது 'ஸ்டாஃப் நர்ஸஸ்', அங்கே பன்மை நர்ஸுக்கு. சுற்றறிக்கை ஆரம்பத்தில் 'டியர் ஸ்டாஃப்ஸ்' என்பதற்குப் பதில் 'டியர் கலீக்ஸ்' என்று போடு, மரியாதையும் கூடும். 19ஆம் பக்கத்தில் 'ஃபர்னிச்சர்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் பன்மை கிடையாது, தனி உருப்படியைச் சொல்ல 'பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்'. அதைப் பற்றித் தொடங்கினால் இன்னொரு கடிதம் ஆகும்.

அட்டையின் உள்பக்கத்தில் உங்கள் ஆசிரியர் அறைப் படம் போட்டிருக்கிறாயே, கதவுக்கு மேலே 'ஸ்டாஃப்ஸ் ரூம்' என்று பலகை தெளிவாகத் தெரிகிறது. அச்சுக்குப் போகுமுன் பெயின்டரைக் கூப்பிட்டு அந்த 'எஸ்' மேல் ஒரு பூச்சு பூசச் சொல்லி, வேறு படம் எடுத்து அனுப்பு. தலைமையாசிரியர் யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை எடுக்காதே.

உன்,
மணி