நண்பருக்கு ஒரு கடிதம்: எண்ணெய்க்கு முன்பே

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கியதில் மகிழ்ச்சி. இங்கு நாங்கள் நலம். பேத்தி கல்லூரியில் பொருளாதாரம் எடுத்திருப்பதால் வீட்டில் தினமும் விவாதம்தான்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்ததே அமெரிக்காவின் தொல்லைகளுக்குத் தொடக்கம் என்று எழுதியிருந்தீர்கள். பீப்பாய் 3 டாலருக்கு விற்ற எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது பேரடிதான். ஆனால் அதற்கு முன்பே அங்கு விலைவாசி உயர்வு ஆண்டுக்கு 7 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

என் பார்வையில், 1971 ஆகஸ்ட் 15 ஞாயிறன்று இரவு அமெரிக்க அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் பேசியதைத்தான் நாம் முதலில் பார்க்க வேண்டும். வியட்நாம் போருக்கும் உள்நாட்டு நலத்திட்டங்களுக்கும் உரிய காலத்தில் வரி உயர்த்தாமல் செலவிட்டதால் வெளிநாடுகளில் டாலர் குவிந்துவிட, வெளிநாட்டு அரசுகள் கொண்டுவரும் டாலருக்கு அவுன்ஸ் 35 டாலர் வீதம் தங்கம் தருவதாக அளித்த வாக்கைக் காப்பாற்றப் போதிய தங்கம் கையிருப்பில் இல்லை. அதிபரின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் நிதியமைச்சர் கானலி, மத்திய வங்கித் தலைவர் பர்ன்ஸ், நிதித் துறை அதிகாரி வோல்க்கர் முதலியோருடன் கூடிப் பேசிய நிக்சன், நட்பு நாடுகளைக் கலந்துகொள்ளாமலே அந்த வாக்கை நிறுத்திவைத்து, இறக்குமதிக்கு 10 சதவீதக் கூடுதல் வரி விதித்து, கூலியையும் விலையையும் 90 நாட்களுக்கு உயராதபடி உறையவைத்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் டயர் பங்கீட்டு வேலை பார்த்து, அத்தகைய முறைகளையே வெறுத்தவர் அவர்! அடுத்த ஆண்டுத் தேர்தல் வெறுப்பை வென்றது என்றே நினைக்கிறேன். 50 மாநிலங்களில் 49 அவருக்குக் கிடைத்தன.

தேர்தல் முடிந்து 1973 ஜனவரியில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் விலைகள் தாவின. மார்ச்சில் முக்கிய நாணயங்கள் டாலருடனான நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட்டன. ஜூனில் மறுபடியும் விலை உறைவு வந்தபோது, தீவனச் செலவுக்கே கட்டாது என்று டெக்சாஸ் பண்ணைக்காரர்கள் கோழிக்குஞ்சுகளை நீரில் அமிழ்த்திக் கொன்ற காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. அந்தக் கோடையிலேயே சோயா ஏற்றுமதியையும் தடுத்து, அதை நம்பியிருந்த ஜப்பானைக் கலங்கடித்தார்கள். இவை எல்லாம் எண்ணெய்த் தடைக்கு முன் நடந்தவை. தவிரவும், எண்ணெய் விலை டாலரில் குறிக்கப்பட்டதால், டாலர் மதிப்பிழந்தபோது ஏற்றுமதி நாடுகளின் வருமானமும் சுருங்கியது.

எண்ணெய் நாடுகளின் கோபத்திற்கு 1973 அரபு-இஸ்ரேல் போருடன் இதுவும் ஒரு காரணம் என்று கொள்ளலாமா? உங்கள் கருத்தை விரிவாக எழுதுங்கள். கண்ணுக்கு ஓய்வு கொடுத்த பிறகு எழுதினால் போதும்.

அன்புடன்,
கணேசன்