ஹீமோகுளோபின் சொல்லாத இரும்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ரத்தசோகை குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உடையவர்கள் என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பே கூறும்போது, முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் எத்தனை முறை நினைவூட்டினாலும் தகும். ஆனால், ‘இரும்புச்சத்து கூடினால் கெடுதல் இல்லை, வேண்டாததை உடலே வெளியேற்றிவிடும்’ என்று அக்கட்டுரையில் வந்த ஒரு வரி தவறானது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மருத்துவ ஆய்வகமொன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதை மறுக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. தோலும் குடலின் உட்படலமும் உதிர்வதால் நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் இரும்பு கழிகிறது. குடலும் உணவிலிருந்து ஏறக்குறைய அதே அளவை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுக்கலாம் என்று தடை போடுவது கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன். எச்எஃப்இ என்ற மரபணுவில் சி282ஒய் எனப்படும் மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு இந்தத் தடை தளர்ந்துவிடுகிறது. தேவைக்கு மேல் சிறிது சிறிதாக உள்ளே வரும் இரும்பு, பல்லாண்டுகளாகக் கல்லீரலிலும் கணையத்திலும் இதயத்திலும் மூட்டுகளிலும் படிகிறது. இதுவே ஹீமோகுரோமடோசிஸ். ‘வெண்கல நீரிழிவு’ என்ற பழைய பெயரும் இதற்கு உண்டு; தோல் கருவெண்கல நிறமாகி, சர்க்கரை நோயும் சேர்ந்து வருவதால் ஏற்பட்ட பெயர் அது. அதற்குக் காரணமான மரபணு 1996-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

உலகிலேயே இம்மாற்றம் மிகுதியாகக் காணப்படும் நாடு அயர்லாந்து. இங்கே ஏறத்தாழ 83 பேரில் ஒருவருக்கு இரு பிரதிகளும் உள்ளன; ஐவரில் ஒருவர் ஒரு பிரதியைச் சுமக்கிறார். அப்படியிருந்தும், குடும்ப மருத்துவர் வழக்கமாக எழுதித்தரும் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் இருக்கும், கொழுப்பு இருக்கும், சர்க்கரை இருக்கும்; இரும்பின் நிலையைக் காட்டும் வரி பெரும்பாலும் இருப்பதில்லை. இந்நோயாளியின் ஹீமோகுளோபின் முற்றிலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள பொறி. என் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் ஐம்பதைக் கடந்தவர்; ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கையோடு சேரும் கணுக்களில் வலி என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். மூட்டுவாதம் என்றார்கள், பிறகு சர்க்கரை என்றார்கள். ஆண்டுதோறும் எடுத்த பரிசோதனையில் ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்ற பதில் தவறாமல் வந்தது. கடைசியில் ஒரு மருத்துவர், உடலில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவைப் பார்க்கச் சொன்னபோது அது 2,800-ஐத் தாண்டியிருந்தது. ஆண்களுக்கு 300-க்கு மேல் போனாலே விசாரிக்க வேண்டிய அளவு அது. அந்த இரு விரல் கணுக்களின் வலி இந்நோய்க்கே உரிய அடையாளங்களுள் ஒன்று என்பதை நாங்கள் ஆய்வகத்தில் அறிந்திருந்தோம். வேலியோரம் நின்று அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்ததை எத்தனையோ மாலைகளில் பார்த்தும், எனக்கும் அது தோன்றவில்லை.

சிகிச்சை மிகப் பழையது, மிக எளியது: ரத்தத்தை எடுத்துவிடுவது. அரை லிட்டர் ரத்தத்தோடு ஏறத்தாழ 250 மில்லிகிராம் இரும்பு வெளியேறுகிறது. அவருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேலாக வாரம் ஒருமுறை எடுத்தார்கள். கல்லீரல் சுருங்குமுன் தொடங்கினால் ஆயுள் குறைவதில்லை. தகுதியுள்ள நோயாளிகளின் ரத்தத்தை இந்நாட்டு ரத்தமாற்றுச் சேவை பிறருக்கும் பயன்படுத்துகிறது என்பது இதில் ஒரு நல்ல செய்தி.

அப்படியானால் அனைவருக்கும் மரபணுப் பரிசோதனையே செய்துவிடலாமே என்று கேட்கலாம். அதை நான் வலியுறுத்தவில்லை. 2006-இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு அதை ஏற்க மறுத்தது. அதில் நியாயமும் இருக்கிறது. இரு பிரதிகள் உள்ள எல்லாரும் நோயாளிகள் ஆவதில்லை. 2008-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், அத்தகைய ஆண்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினருக்கும் பெண்களில் 1 சதவீதத்தினருக்கும் மட்டுமே இரும்பு சார்ந்த நோய் காணப்பட்டது. மாதவிலக்கு பெண்களைப் பல்லாண்டுகள் காத்துவிடுகிறது. ஆனால் ஆண்களின் கணக்கை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் உயிரியல் வங்கித் தரவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான ஆய்வு, இரு பிரதிகள் உள்ள ஆண்களில் 7.2 சதவீதத்தினர் 75 வயதுக்குள் கல்லீரல் புற்றுநோய்க்கு ஆளாகக்கூடும் என்று மதிப்பிட்டது. மாற்றம் இல்லாத ஆண்களில் அது 0.6 சதவீதம்.

ஆகவே நான் கேட்பது மரபணுவை அல்ல, இரும்பையே அளக்க வேண்டும் என்பதுதான். ரத்தத்தில் இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால் போதும். 45 சதவீதத்துக்கு மேல் மறுபடியும் மறுபடியும் வந்தால் ஃபெரிட்டினையும், இரண்டும் கூடியிருந்தால் மரபணுவையும் பார்க்கலாம். ஃபெரிட்டினை மட்டும் பார்ப்பது குழப்பத்தில் விடும். மதுப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல், சாதாரண அழற்சி எதிலும் அது ஏறும். கொழுப்பும் கல்லீரல் நொதிகளும் பார்க்க எடுத்த அதே குழாய் ரத்தத்திலேயே, அதே இயந்திரத்திலேயே இந்த அளவையும் எடுத்துவிடலாம். இன்னொரு முறை ஊசி குத்த வேண்டியதில்லை. அயர்லாந்தில் ஆண்களுக்கு 30 வயதிலும் பெண்களுக்கு 40 வயதையொட்டியும் ஒருமுறை இதைச் சேர்ப்பது பெருஞ்செலவு என்று ஆய்வகத்தில் வேலை பார்த்த எவரும் சொல்லமாட்டார்கள்.

தமிழ்நாட்டு வாசகர்கள் இதைப் படித்துவிட்டு ஆய்வகத்துக்கு ஓட வேண்டாம். நம்மவரிடையே சி282ஒய் மிக அரிது. தலசீமியா போன்ற நோய்களுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்குச் சேரும் இரும்பு வேறு கதை. ஆனால் இங்கே ஐரிஷ்காரர்களை மணந்த தமிழர் குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் ஒரு பிரதியை மட்டுமே பெறக்கூடும் என்பதால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஐரிஷ் துணைவரையும் அவருடைய உடன்பிறந்தவர்களையும்தான். ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் குறைந்தது நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. என் அண்டை வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிறகு அவர் தம்பியும் பரிசோதித்துக்கொண்டார். அவருக்கும் இருந்தது, வலி ஏதும் தொடங்கியிருக்கவில்லை.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போவது நல்லது. இரும்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
கால்வே, அயர்லாந்து.