இசேயில் அந்த வெற்றுமனையைக் காட்டுங்கள்

ஜப்பானின் இசே ஆலயத்துக்குத் தமிழ்ப் பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். இசேயை "2,000 ஆண்டுப் பழைய கட்டடம்" என்று அறிமுகப்படுத்தாதீர்கள். இப்போது நிற்கும் கருவறைக்கு வயது 2013இலிருந்துதான். 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில் புதுக்கோயில் கட்டி, இரவில் தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்கிறார்கள். பிறகு பழைய கோயிலைப் பிரித்துவிடுவார்கள்; அந்த மனை அடுத்த முறை வரை வெறுமையாகக் கிடக்கும். பேரரசி ஜிதோ காலத்தில், 690இல் தொடங்கிய வழக்கம் இது. உள்நாட்டுப் போர்களால் இடையில் 120 ஆண்டுக்கு மேல் நின்றுபோனதும் உண்டு. 2013இல் நடந்தது 62ஆவது முறை, அடுத்தது 2033. குடமுழுக்கு மாதிரி என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். குடமுழுக்கில் கோயில் இருந்த இடத்திலேயே இருக்கும். இங்கே கோயிலே இடம் மாறுகிறது.

நேராக நைகூவுக்கு (உள் ஆலயம்) பேருந்தை விடுவதுதான் முதல் தவறு. கேகூவை (வெளி ஆலயம்) முதலில் வணங்குவதே மரபு. நைகூவில் நான்கு சுற்று வேலிக்கு மேல் கூரைதான் தெரியும். கேகூவிலோ சன்னதிக்குப் பக்கத்திலேயே கூழாங்கல் பரப்பிய வெற்றுமனை கண்ணெதிரே கிடக்கிறது. நடுவில் இருக்கும் சின்னக் கொட்டகை, புனித நடுத்தூணின் இடத்தை மூடிக் காக்கிறது. அங்கே ஐந்து நிமிடம் நின்று விளக்குங்கள்: வண்ணம் பூசாத ஹினோகி மரத்தூண்கள், அடிக்கல் இல்லாமல் நேரே மண்ணில் புதைத்தவை, ஈரத்தில் அடி உளுத்துப்போகும். கூரையோ புல்வேய்ந்தது. ஏன் சரியாக 20 என்று பழைய ஏடுகள் காரணம் சொல்லவில்லை. ஒரு தச்சர் தலைமுறை அடுத்ததற்குக் கைவேலையைக் கற்றுக்கொடுக்க அது போதுமான இடைவெளி என்பது பலர் தரும் விளக்கம்.

கூரை முகட்டுக் கட்டைகளை எண்ணச் சொல்லுங்கள்: கேகூவில் 9, நைகூவில் 10.

கைகழுவும் இடத்தில் அகப்பையை வாயில் வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் இடக்கை, பிறகு வலக்கை, அப்புறம் இடக்கையில் நீர் ஏந்தி வாய் கொப்பளிப்பு. கடைசியில் அகப்பையை நிமிர்த்தி, மிச்ச நீரால் பிடியைக் கழுவ வேண்டும். சன்னதியில் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும். நைகூவின் படிக்கட்டுக்கு மேலே படம் எடுக்கக்கூடாது.

பிரித்த மரம் வீணாவதில்லை. கேகூவின் முகடு தாங்கிய பெருந்தூண்கள், நைகூவுக்கு முன்னுள்ள உஜி பாலத்தின் வெளிப்புறத் தோரண வாயிலாக 20 ஆண்டு நிற்கும். பிறகு குவானா நகரின் பழைய படகுத்துறைக்குப் போய் அங்கே இன்னொரு 20 ஆண்டு. நகோயா திரும்பும் வழியில்தான் குவானா. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.