2024–25 ஆண்டறிக்கை: சிறைவாசிகளுக்கும் விடுதலையானோருக்கும் மருத்துவ உதவி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் ஆற்றிய பணிகளைப் பேரவையின் பார்வைக்கு வைக்கிறேன். எல்லாவற்றிலும் கை வைக்காமல், கைது, ரிமாண்ட், இடமாற்றம், விடுதலை ஆகிய கட்டங்களில் ஒருவருடைய சிகிச்சை அறுபடாமல் பார்த்துக்கொள்வதிலேயே ஊன்றி நிற்பது என்று சென்ற பேரவையில் முடிவு செய்திருந்தோம். சிறையில் மருத்துவர் இல்லை என்பதுதான் வெளியில் வழக்கமாகச் சொல்லப்படும் குறை. மத்தியச் சிறைகளில் மருத்துவமனையும் மருத்துவ அலுவலரும் உண்டு. கிளைச்சிறைகள் பக்கத்து அரசு மருத்துவமனையை நம்பியிருக்கின்றன. ஆனால் நம்மிடம் வந்த குடும்பங்களின் முறையீடுகளில் பெரும்பாலானவை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஆள் போய்ச் சேர்ந்து, அவருடைய மருத்துவச் சீட்டு போய்ச் சேராததால் எழுந்தவை.

கைதானவரை உடனே மருத்துவ அலுவலர் பரிசோதிக்க வேண்டும் என்று, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆவது பிரிவு கூறுகிறது. அந்தப் பரிசோதனை, உடம்பில் காயம் உண்டா இல்லையா என்று எழுதுவதோடு முடிந்துவிடுகிறது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவரா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்பார் அரிது. வீட்டிலிருந்து மாத்திரை கொண்டுவரும் மனைவிமாரோ, கத்தரித்துக் கத்தரித்து மருந்தின் பெயரே தெரியாமற்போன அட்டைத் துண்டை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வருகிறார்கள். பெயர் இல்லாத மாத்திரையை எந்தச் சிறை மருத்துவரும் அனுமதிக்க மாட்டார், அனுமதிக்கவும் கூடாது. ஆகவே ஓ.பி. சீட்டின் நகலையும் பிரிக்காத அட்டையையும் கொண்டுவரும்படி குடும்பங்களுக்குச் சொல்லித் தருவதே நம் தன்னார்வலர்களின் முதல் வேலையாக அமைந்தது. சின்ன வேலைதான் என்றாலும், இந்த ஆண்டில் கைமேல் பலன் தந்தது இதுவே.

மதுப்பழக்கம் உள்ளவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. நாள்தோறும் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்த நேர்ந்தால் முதல் நாளிலேயே கை நடுங்கத் தொடங்கும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் இடமும் ஆளும் புரியாமல் பிதற்றும் நிலை ஏற்பட்டு, கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். கைதானவருக்கு இந்த இரண்டு மூன்று நாள்கள் காவல் நிலையத்திலும், நீதித்துறை நடுவர் முன்னிலையிலும், சிறையின் முதல் இரவிலுமாகக் கழிகின்றன. பிதற்றுகிறவரைப் பார்த்து "நடிக்கிறான்" என்று சொல்லிவிடுவது எளிது. சிகிச்சை தாமதமாவதற்கு அந்த ஒரு சொல் போதும். கைதானவர்களின் பாதுகாப்பு பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று கூறியதன் பொருள் இத்தகையோரிடம்தான் நன்றாக விளங்கும். குடிப்பழக்கம் உண்டா, கடைசியாகக் குடித்தது எப்போது என்ற இரு கேள்விகளைக் கைதானவரின் மருத்துவப் பரிசோதனையில் சேர்க்கக் கோரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு அளித்துள்ளோம், பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். விசாரணைக் கைதி ஒருவர் இரண்டாவது மாதத்தில் பிணையில் வெளியே வந்துவிட்டால், மீதி மருந்துக்கு யார் பொறுப்பு என்பதே கேள்வி. பாதியில் நின்ற மருந்து, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் கொண்டுபோய் விடக்கூடும். அது அவர் வீட்டுப் பிள்ளைகளையும் விட்டுவைக்காது. நிக்‌ஷய் பதிவு எண் (அரசின் காசநோயாளர் பதிவேட்டில் தரப்படும் எண்) கையில் இருந்தால் சொந்த ஊர் காசநோய்ப் பிரிவில் சிகிச்சையைத் தொடரலாம். ஊட்டச்சத்துக்கான உதவித்தொகையும் 2024 நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. வங்கிக் கணக்கில்தான் வரும் என்பதால், கணக்கே இல்லாதவர்களுக்குக் கணக்கு தொடங்கித் தருவதும் நம் வேலையாகிவிட்டது.

வெளி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வழிக்காவல் கிடைக்காமல் ஸ்கேன் தேதி தள்ளிப்போவது இந்த ஆண்டும் தீரவில்லை. திருவிழா, தலைவர்கள் வருகை என்றால் ஆயுதப்படைக் காவலர்கள் அங்கே போய்விடுகிறார்கள். இதில் தனிப்பட்ட எவரையும் குறை சொல்ல இடமில்லை. மருத்துவத்துக்கென்று தனியே வழிக்காவல் ஒதுக்காதவரை நம் மனுக்கள் கோப்பில்தான் இருக்கும் என்பது என் கருத்து.

மனநலத்தில் நாம் செய்தது குறைவு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 103-ஆவது பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவ அமைப்பு இருக்க வேண்டும் என்கிறது. அதைப் பற்றிய கருத்தரங்கு ஒன்றை வரும் ஆண்டுக்கு ஒத்திவைத்துள்ளோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, அவ்வாண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவ்வாண்டில் சிறைகளில் இறந்த 1,995 பேரில் 1,773 பேரின் இறப்பு இயற்கை மரணமாகப் பதிவாகியுள்ளது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை நோயால் நேர்ந்தவை. குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்களே மிகுதியாக உள்ள இடத்தில், பிணையும் ஒரு மருத்துவ வழியே. நோயுற்றவருக்குப் பிணை வழங்க அதே சன்ஹிதாவின் 480-ஆவது பிரிவு இடம் தருகிறது. முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் பிணைப்பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்னும் 479-ஆவது பிரிவு பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நம் வழக்கறிஞர் உறுப்பினர்கள் இவ்விரு பிரிவுகளின்கீழ் கட்டணம் பெறாமல் மனுத் தாக்கல் செய்துவருகிறார்கள்.

விடுதலையானவர்களை, வீடு தேடி மருந்து தரும் அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சேர்க்க முயன்றோம். வீட்டு முகவரி உள்ளவர்களுக்கு அது கைகொடுத்தது. வீட்டார் ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கும், வாடகைக்கு வீடு கிடைக்காதவர்களுக்கும் எந்தக் கதவைத் தேடி மருந்து வரும்? அவர்களுக்காகச் சங்க அலுவலக முகவரியைத் தர இசையலாமா என்பதைப் பேரவை இன்று விவாதித்து முடிவு சொல்ல வேண்டும்.

நோய், மருந்து, அளவு, கடைசியாக உட்கொண்ட நாள், சிகிச்சை பெற்ற மருத்துவமனை ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கத் தாளை நம் மருத்துவ உறுப்பினர்கள் தயாரித்துள்ளனர். ஹெச்.ஐ.வி. போன்ற விவரங்கள் பிறர் கண்ணில் படாதவாறு அதை மூடிய உறையில் வைத்து, சிறை மருத்துவரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும் என்பது செயற்குழுவின் முடிவு. மாதிரி இவ்வறிக்கையுடன் இணைக்கப்பட்டுள்ளது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையைப் பேரவை ஏற்று ஒப்புதல் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்