கையெழுத்துக்கு முன்னால் கேட்டுவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே திருச்சியில் நானும் அப்பாவும் நலம். சென்னைப் பக்கம் ஊரப்பாக்கத்தில் நீங்கள் வாங்கப் பார்க்கும் அடுக்குமாடி வீட்டுக்கு பில்டர் கொடுத்ததாக நீ அனுப்பிய விலைப் பட்டியலை அப்பா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். வரி வரியாகப் படித்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், நீயும் ஆபீஸ் அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் இந்தக் கடிதம். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

"ஃபிக்ஸட் ரேட் என்கிறார்கள், பேரம் பேசக் கூச்சமாக இருக்கிறது" என்றாய். வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் நான் இருந்தபோது, ஒரே கட்டடத்தில் ஒரே மாடியில் வீடு வாங்கியவர்களின் ஒப்பந்தங்கள் அடுத்தடுத்து என் மேசைக்கு வரும். ஒரே அளவு வீடுகள்தான், ஆனால் விலை ஒன்றாக இருந்ததே அபூர்வம். கேட்டவருக்கு ஒரு விலை, கேட்காதவருக்கு ஒரு விலை. நீங்கள் இரண்டு பேரும் 20 வருஷம் தவணை கட்டப்போகிறீர்கள். உங்கள் உழைப்பு அது. அதற்காக அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

முதலில் விலை. சதுர அடி 6,000 ரூபாய், 1,200 சதுர அடி, ஆக 72 லட்சம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த 1,200-இல் லிஃப்ட், படிக்கட்டு, நடைபாதை, லாபி எல்லாவற்றிலும் உன் பங்கு சேர்ந்திருக்கிறது. கீழே பொடி எழுத்தில் கார்பெட் ஏரியா 840 என்று இருக்கிறது, பார்த்தாயா? வெளிச்சுவரும் பால்கனியும் போக, வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் இடம் அவ்வளவுதான். அந்தக் கணக்கில் சதுர அடி 8,571 ரூபாய் வருகிறது. பக்கத்தில் வேறு இரண்டு புராஜெக்ட் பார்த்தீர்களே, அவற்றையும் இதே கார்பெட் கணக்கில் போட்டுப் பார். "அங்கே 6,300, இங்கே 6,000" என்று சொல்வதெல்லாம் அப்புறம் எப்படி மாறுகிறது என்று உனக்கே தெரியும். யூடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உனக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, எத்தனை சதுர அடி என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள். நாளைக்குக் கட்டடம் பழசானால் மதிப்பு நிற்பது அந்த மனைப் பங்கில்தான்.

72 லட்சத்துக்குக் கீழே ஒரு வால் இருக்கிறது. கார் பார்க்கிங் 3 லட்சம். இரண்டாவது மாடியிலிருந்து ஒவ்வொரு மாடிக்கும் சதுர அடிக்கு 25 ரூபாய் கூடுதல் என்று, ஐந்தாவது மாடிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். கிளப் ஹவுஸ் ஒன்றரை லட்சம். ஈபி, தண்ணீர், வடிகால் இணைப்புக்கு 1 லட்சத்து 25 ஆயிரம். எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 79 லட்சம். இதில் பராமரிப்பு டெபாசிட் இன்னும் வரவில்லை. அதனால் சதுர அடி ரேட்டைப் பற்றிப் பேசாதே, மொத்தத் தொகையைப் பற்றிப் பேசு. "எல்லாம் சேர்த்து, சாவி கையில் வாங்குகிற வரைக்கும் நான் உங்களுக்குத் தரவேண்டியது எவ்வளவு? ஒரே தாளில் எழுதித் தாருங்கள்" என்று கேள். அந்தத் தாள் வராமல் அடுத்த பேச்சு வேண்டாம்.

ரேட்டைக் குறைக்க அவர்கள் ஏன் அவ்வளவு தயங்குகிறார்கள் என்று உனக்குத் தெரியவேண்டும். உனக்கு 5,800-க்குக் கொடுத்தார்கள் என்று வெளியே தெரிந்தால், ஏற்கெனவே 6,000-க்கு வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள், இனி வருகிறவர்களும் 5,800-இலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அதனால் ரேட்டில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் மாடிக் கட்டணத்தையும் கிளப் ஹவுஸையும் தள்ளுபடி செய்தால் வெளியே தெரியாது. அந்த இரண்டும் போனாலே 2 லட்சத்து 70 ஆயிரம். சதுர அடிக்கு 225 ரூபாய் குறைத்ததற்குச் சமம். பில்டருக்கும் கௌரவம் போகாது, உனக்கும் காசு மிச்சம். அங்கே அழுத்திக் கேள்.

"விலையைக் குறைக்க முடியாது மேடம், மூன்று லட்ச ரூபாய் மாடுலர் கிச்சன் இலவசமாகத் தருகிறோம்" என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். உடனே மயங்கிவிடாதே. மூன்று லட்சம் என்பது அவர்கள் போட்ட மதிப்பு. மொத்தமாக எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஆர்டர் கொடுக்கிறவருக்கு அது மூன்று லட்சம் ஆகாது. ஆனால் விலையிலேயே ஒரு லட்சம் குறைந்தால், உனக்கு மிச்சம் ஒரு லட்சத்தோடு நிற்காது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதில் 5,000 குறையும். 2023 டிசம்பரிலிருந்து புது அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை என்றால் முத்திரைத்தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்புக்குக் கீழே போகாதவரை அதிலும் 7,000 குறையும். ஒவ்வொரு லட்சத்துக்கும் 12,000 ரூபாய் கூடவே வருகிறது. அதனால் முதலில் விலை, முடியாத இடத்தில்தான் இலவசம். இந்த வரிசையை மாற்றாதே.

கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கிவிட்ட வீட்டுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. "அதே ரோட்டில் ரெடியாக இருக்கும் வீட்டை எடுத்தால் எங்களுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் வரி மிச்சமாகிறதே, நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேள். நியாயமான கேள்வி அது. பதில் சொல்லியாக வேண்டும்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். இன்னும் சில வாரத்தில் ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கத் துணிய மாட்டார்கள், விற்பனை ஆபீஸ் காற்று வாங்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்து பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள். உன் மாமியார் ஆடியில் வேண்டாம் என்று சொல்வார்கள், அவர்கள் மனசும் கோணக் கூடாது. ஆடியில் பேசி முடித்து எழுதி வாங்கிக்கொண்டு, பதினெட்டாம் பெருக்கு அன்றைக்கோ ஆவணி பிறந்தோ செக் கொடு. பக்கத்தில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்துவிட்டது, தையில் விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவார்கள். பஸ் ஸ்டாண்ட் 2023 டிசம்பரிலேயே திறந்தாயிற்று. அதனால் ஏறவேண்டிய விலை இந்த 6,000-இல் ஏறித்தான் இருக்கிறது.

சேல்ஸ் பையனிடமே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்காதே. பாவம், அவன் கையில் ஒரு அளவு வரைக்கும்தான் குறைக்க அதிகாரம் இருக்கும். "மேலே யாரிடம் பேசவேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டு, முடிவெடுக்கிறவர் முன்னால் போய் உட்கார். கடன் ஒப்புதல் கடிதத்தைக் கையோடு எடுத்துப் போ. பணம் தயாராக இருக்கும் ஆளிடம் பேசும் விதமே வேறு.

இப்போது மாற்றங்கள், கூடுதல் வேலைகள் விஷயம். இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போவதையெல்லாம் பில்டரிடம் கேட்டு வாங்கு. சுவருக்கு வெளியே நிற்பதை நீயே பின்னால் செய்துகொள்.

வாட்ரோப், லாஃப்ட் கதவு, ஃபேன்சி லைட், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் இதெல்லாம் குடிபோன பிறகு நல்ல ஆசாரியை வைத்து நிதானமாகச் செய்யலாம். இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்கலாம். பில்டரிடம் போனால் அவர் சொன்னதுதான் விலை.

ஆனால் ஒயரிங் அப்படி இல்லை. சுவர் பூசிய பிறகு ஒரு பாயின்ட் கூடுதலாக வேண்டுமென்றால் சுவரை வெட்டி, பைப் பதித்து, திரும்பப் பூசி, திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டும். அதனால் செங்கல் கட்டு முடிந்து, பூச்சு ஆரம்பிக்கும் முன்னால் சைட்டுக்குப் போ. அவர்களிடம் எலக்ட்ரிகல் டிராயிங் இருக்கும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நில். உன் வீட்டில் ஒரு நாள் எப்படி நடக்கும் என்று மனசில் ஓட்டிப் பார். கிரைண்டர் எங்கே, மிக்ஸி எங்கே, ஃபிரிட்ஜ் எந்த மூலை? அங்கெல்லாம் 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறதா? தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினுக்கு சிங்க் பக்கத்தில் குழாயும் கரண்டும் இரண்டும் வேண்டும். வாஷிங் மெஷினுக்கு சர்வீஸ் பால்கனியில் தண்ணீர் வரும் வழி, போகும் வழி இரண்டும் வேண்டும். மூன்று படுக்கை அறைக்கும் ஏசி பாயின்ட் கொடுத்திருக்கிறார்கள், சரி. ஏசி தண்ணீர் வெளியேற சுவருக்குள் சரிவாக ஒரு பைப் போகிறதா என்று கேள். இல்லையென்றால் ஹால் சுவர் மேலே பிளாஸ்டிக் குழாய் தொங்கும். இன்வெர்ட்டருக்குத் தனி ஒயர், மாப்பிள்ளை வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மேசைக்கு இன்டர்நெட் பைப், இதையெல்லாம் இலவசமாகவே கேட்கலாம். அந்த நேரத்தில் அவர்களுக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான்.

அடுப்பு மேடை உயரத்தைச் சொல்ல மறக்காதே. நீ உயரம், வழக்கமான உயரத்தில் போட்டால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். கிரானைட் பதித்த பிறகு இதை மாற்றவே முடியாது. இப்போது சொன்னால் ஒரு பைசா செலவில்லை.

பாத்ரூமை மட்டும் நீங்களாக உடைத்து மாற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம். வேறு டைல்ஸ் வேண்டுமென்றால் இப்போதே அவர்களை வைத்தே போட்டுக்கொள். சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், சொன்ன 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும் என்று ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் இருக்கிறது. நீயே தரையைக் கொத்திவிட்டால், பின்னால் ஒழுகும்போது "நீங்கள் கை வைத்ததால்தான்" என்று சொல்லிவிடுவார்கள். டைல்ஸ் ஒட்டும் முன்னால் தரையில் தண்ணீர் கட்டி நிறுத்தி, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் வருகிறதா என்று பார்க்கச் சொல். அப்பாவை அந்த நாளைக்கு அனுப்புகிறேன்.

இன்னொன்று. அவர்கள் கொடுக்கும் டைல்ஸ் பிடிக்காமல் நீ வேறு எடுத்தால், பழைய டைல்ஸின் விலையைக் கழிக்கவேண்டும் அல்லவா? எவ்வளவு கழிப்பார்கள் என்று இப்போதே எழுதி வாங்கு. பின்னால் கேட்டால் அவர்கள் சொல்லும் கழிவு உனக்குச் சிரிப்புதான் தரும். ஒப்பந்தத்தோடு இணைக்கும் பொருள் விவரப் பக்கத்தில் "பிரபல நிறுவனத் தயாரிப்பு அல்லது அதற்கு இணையானது" என்று போட்டிருக்கிறது. அந்த "இணையானது" என்ற ஒரு வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் நுழைத்துவிடலாம். டைல்ஸ் என்றால் எந்த கம்பெனி, என்ன அளவு, சதுர அடி என்ன விலை. குழாய் என்றால் எந்த கம்பெனி, எந்த மாடல். கதவு என்றால் தேக்கா, வேறு மரமா, எத்தனை கனம். இப்படி எழுதவைக்க வேண்டும். மாதிரி வீட்டில் பார்த்ததையெல்லாம் போட்டோ எடுத்து, "இதில் எதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும்?" என்று மெயிலில் கேட்டு, பதிலையும் மெயிலிலேயே வாங்கு.

ஒரு தம்பதி எங்கள் கிளைக்கு வந்தது இப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. சாவி வாங்கும் நாளில் "கூடுதல் வேலை" என்று நாலு பக்கம் பில் கொடுத்திருந்தார்கள். எல்லாம் வாய்ப் பேச்சில் "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிச் செய்ததுதான். கடன் தொகையை ஏற்றித் தரமுடியுமா என்று கேட்டார்கள். ஒப்பந்த விலையில் இல்லாததற்கு வங்கி எப்படிக் கொடுக்கும்? அந்தப் பெண் வளையலைக் கழற்றி அடகு வைத்து சாவி வாங்கினாள். உனக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன். கூடுதல் வேலை எதுவானாலும், விலை எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். நிச்சயமாக வேண்டும் என்று தெரிந்தவற்றை ஒப்பந்த விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டால் கடனுக்குள்ளும் வரும். உங்களுக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கொடுக்கும். பத்திரச் செலவு அந்தக் கணக்கில் சேராது, அது முழுக்க உங்கள் கையிலிருந்து போகும். அதை மறந்துவிட்டு இருப்பதையெல்லாம் மாற்றங்களில் போட்டுவிடாதீர்கள்.

பேசக் கூடாத பேரமும் ஒன்று இருக்கிறது. "கொஞ்சம் ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறைப்போம்" என்றால், எழுந்து வந்துவிடு. கணக்கில் இல்லாத பணத்துக்கு நாளைக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. அதேபோல் பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கவே கூடாது, அதுவும் ரெராவில் இருப்பதுதான். வீட்டின் விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் பில்டருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரிக்குக் கட்டவேண்டியது உங்கள் பொறுப்பு. அதை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார்.

தேதியையும் பேசு. தாமதமானால் சதுர அடிக்கு மாதம் 5 ரூபாய் தருவோம் என்று அவர்கள் மாதிரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1,200 சதுர அடிக்கு 6,000 ரூபாய், உங்கள் வாடகையில் கால்வாசிகூட வராது. நீ தவணை தாமதித்தால் என்ன வட்டியோ, அவர்கள் வீடு தாமதித்தாலும் அதே வட்டி என்பதுதான் சட்டம். அந்த வரியை அடித்துவிட்டு அப்படி எழுதச் சொல். மறுத்தால் ஏன் மறுக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

தாய்ப் பத்திரம், பட்டா, 30 வருஷ வில்லங்கம், கட்டட அனுமதி எல்லாம் வங்கி வக்கீல் பார்ப்பார், இருந்தாலும் நகல் வாங்கி எனக்கும் அனுப்பு. ரெரா பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, முடிக்கவேண்டிய தேதி என்ன என்று நீயே பார். சேல்ஸ் ஆபீஸில் சொன்ன தேதியும் அதுவும் ஒன்றுதானா என்று போனில் சொல்.

ஒப்பந்த டிராஃப்ட் வந்ததும் கையெழுத்துப் போடாமல் முதலில் இங்கே அனுப்பிவிடு. பென்சிலால் குறித்து இரண்டே நாளில் திருப்பித் தருகிறேன். எலக்ட்ரிகல் டிராயிங் கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்பு, சமையலறையை நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா